மறு: டர்க்ஸ் ஹெட் முடிச்சுக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். முடிச்சுகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடி நம் குழு தொகுக்கும் அகராதிக்காக நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு என் பதில் இது. டர்க்ஸ் ஹெட் (Turk's head) என்பது கம்பையோ கைப்பிடியையோ சுற்றி வளையமாகப் பின்னும் அலங்கார முடிச்சு.

> "துருக்கித் தலை முடிச்சு" என்றே வைத்துவிடலாமே? மூலப் பெயரும் அதுதானே?

வேண்டாம் என்பது என் கருத்து. முடிச்சு தலைப்பாகை சுற்றியதுபோல் இருந்ததால்தான் மேலைநாட்டு மாலுமிகள் அந்தப் பெயரை வைத்தார்கள். "துருக்கித் தலை" என்று தமிழில் கேட்பவர் மனத்தில் தலைதான் வரும், தலைப்பாகை வராது. நம்மிடம்தான் முண்டாசு இருக்கிறதே! துண்டை முறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டியவரைப் பார்த்த யாருக்கும் "முண்டாசு முடிச்சு" என்றதுமே உருவம் பிடிபட்டுவிடும். என் வாக்கு அதற்கே.

> "வளையப் பின்னல்" போதாதா?

போதாது. பட்டையாகப் பின்னி இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தாலும் அது வளையப் பின்னல்தான். இங்கே ஒரே கயிறு மேலும் கீழுமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. முனைகள் உள்ளே மறைந்துவிடும். எங்கே தொடங்கியது என்று தேடினாலும் தெரியாது.

பெயரைவிட எனக்குப் பெரிய கவலை, கற்றுக்கொடுக்கும்போது வாயில் வரும் சொற்கள். கயிறு அகலவாக்கில் எத்தனை வரிசையாக ஓடுகிறது, ஓரத்தில் எத்தனை வளைவு விழுகிறது என்ற இரண்டு எண்களை வைத்துத்தான் முண்டாசு முடிச்சின் வகையைச் சொல்வார்கள். முதலாவதற்கு "தடம்", "இழைவரிசை", "ஓட்டப்பாதை" என்றெல்லாம் பரிந்துரைகள் வந்திருக்கின்றன. தலை பின்னும்போது நாம் என்ன சொல்கிறோம்? மூன்று கால் பின்னல், நாலு கால் பின்னல், ஐந்து கால் பின்னல். முண்டாசு முடிச்சும் வட்டமாக மூடிய ஒரு பின்னல்தான். அதனால் "கால்" என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. ஓர வளைவுகளுக்கு "இதழ்" என்று வைத்தால், "மூன்று கால் நான்கு இதழ் முண்டாசு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

சொல் தேறுமா என்று பார்க்க, கையில் கயிற்றை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். விரல்களைச் சுற்றி ஒரு சுற்று, குறுக்கே கொண்டுவந்து இன்னொரு சுற்று, அப்புறம் மேலே ஒன்று கீழே ஒன்று என நுழைத்தால், புறங்கையில் இரண்டு கால்கள் ஒட்டி நிற்கும். "இடக்காலை வலக்கால் மேல் தள்ளு, நடுவில் திறக்கும் கண்ணில் முனையை விடு." இதையே "இடது ஓட்டப்பாதையை வலது ஓட்டப்பாதையின் மீது இடமாற்றுக" என்று எழுதினால் யார் கட்டுவார்கள்? வளையம் மூடியதும் அதே வழியில் இன்னும் இரண்டு முறை கயிற்றை ஓட்டினால் பட்டை நிறைந்துவிடும். இதை "இரண்டாம் ஓட்டு, மூன்றாம் ஓட்டு" எனலாம். கடைசியில் முனை மழுங்கிய கோணி ஊசியால், தொடக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்வை நகர்த்தி இறுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் இதழ்கள் கோணிக்கொள்ளும்.

கால், இதழ் என்று வைத்தால் கணக்கும் எளிதாகும். இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிர பொது வகுஎண் இருந்தால் ஒரே கயிற்றில் முடிச்சு மூடாது. 3 கால் 4 இதழ் வரும், 3 கால் 5 இதழ் வரும். 4 கால் 6 இதழுக்கு இரண்டு கயிறு வேண்டும். செவ்வகமாகப் புள்ளி வைத்து இழுக்கும் சிக்குக் கோலத்திலும் இதே விதிதான்: 3-க்கு 4 புள்ளி என்றால் ஒரே கம்பியில் முடியும், 3-க்கு 3 என்றால் மூன்று கம்பி. இந்தச் செய்தியை அகராதிப் பதிவிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> மங்கிஸ் ஃபிஸ்ட் = குரங்குப்பிடி முடிச்சு?

குரங்குப்பிடி என்றால் நமக்கு விடாப்பிடி. இந்த முடிச்சு எதையும் பிடிப்பதில்லை. கப்பலிலிருந்து கரைக்கு வீசும் கயிற்றின் நுனியில் உருண்டையாக நின்று கனம் கொடுப்பதே இதன் வேலை. (ஆள் மேல் பட்டால் ஆபத்து என்பதால், வீசு கயிற்றில் உள்ளே இரும்போ ஈயமோ வைக்கக் கூடாது என்கிறது பிரிட்டன் வணிகக் கப்பல்களுக்கான பாதுகாப்பு நடைமுறை.) சாவிக்கொத்துக்கு ஒரு கோலிக்குண்டை உள்ளே வைத்து, மூன்று திசையிலும் மும்மூன்று சுற்று சுற்றினால் போதும். "குண்டு முடிச்சு" என்பேன். "நெல்லிக்காய்" இன்னும் அழகுதான், ஆனால் ஒயர் கூடை பின்னுபவர்கள் அதைத் தங்கள் முடிச்சுக்கு ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். சிவன் கண், பிஸ்கட், நெல்லிக்காய் என்று உருவத்தைப் பார்த்தே பெயர் வைத்த அவர்கள் எந்தக் குழுவையும் கேட்கவில்லை. அந்தப் பெயர்களும் நம் பட்டியலில் முழு மரியாதையோடு இடம்பெற வேண்டும்.

செய்யும் பொருள்களுக்குப் பெயர் தேடவே வேண்டாம். பூந்தொட்டியைத் தொங்கவிடும் மேக்ரமே பின்னலுக்கு "தொங்கு தாங்கி" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அது உறி! தயிர்ப்பானை இருந்த இடத்தில் மணிபிளான்ட் இருக்கிறது, அவ்வளவுதான். முண்டாசு முடிச்சைத் தட்டையாக விரித்தால் சூடான பாத்திரம் வைக்கும் வட்டம் கிடைக்கும். பானைக்கு அடியில் வைக்கோலில் செய்து போட்ட பிரிமணைக்கும் இதற்கும் வேலை ஒன்றே, பெயரும் அதுவே இருக்கட்டும்.

பொழுதுபோக்கின் பொதுப்பெயராக "அலங்கார முடிச்சியல்" வேண்டாம். பூவேலை, ஜரிகை வேலை போல "முடிச்சு வேலை" போதும். அழகு மட்டும் அல்ல, பயனும் இதில் உண்டு. கப்பலின் சுக்கான் சக்கரத்தில் ஒரு கைப்பிடிக்கு மட்டும் முண்டாசு முடிச்சு போட்டு வைப்பார்கள். அது உச்சியில் இருந்தால் சுக்கான் நேராக இருக்கிறது என்று இருட்டிலும் கை தடவியே அறிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. அமெரிக்க ஓவியர் கிளிஃபர்ட் ஆஷ்லி 1944-இல் வெளியிட்ட முடிச்சுத் தொகுப்பில் 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகளுக்கு வரிசை எண் உண்டு. நம் சொல்லுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் போட்டால், ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் குழப்பம் வராது.

மீதி இருப்பவை கயிற்றின் இரண்டு முனைகள். கட்டும்போது நகரும் முனைக்கு "ஓடுமுனை", சும்மா இருப்பதற்கு "நிலைமுனை" என்று இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தூத்துக்குடி, நாகப்பட்டினம், மன்னார்ப் பக்கத்து நண்பர்கள் வலை பின்னுபவர்களிடம் கேட்டு, கரையில் புழங்கும் சொல்லை அனுப்புங்கள். அது கிடைத்ததும் என் இரண்டையும் அடித்துவிடலாம்.