தண்ணீரில்லாமல் குரோம் ஏற்றும் முறை: பாலாற்றுக்கு இது போதுமா?

பாலாற்றங்கரை:
சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீர் ஊற்றாமலே தோலைப் பதனிட அதற்குக் குரோம் உப்பு ஏற்றும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதைப் பாராட்டி வந்த பதிவுகளில் சிலர் "இனிப் பாலாறு பிழைத்துவிடும்" என்றே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் எங்கள் நிலம். கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் தோல் ஆலைக் கழிவு இறங்கியதால் தென்னைக்குக்கூடப் பாய்ச்ச முடியாது.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதே, தோல் ஆலைகள் உள்ள வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு நீதிபதிகள் முன் இருந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், அதே ஆற்றுக்காக, மறுபடியும் குழு அமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு புதிய முறையும் ஆலைகளுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஈரநீலம்:
உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஆராய்ச்சி அவகாசம் மட்டும்தான் வாங்கிக் கொடுத்தது என்பதை ஏற்க மாட்டேன். நான் தோல் தொழில்நுட்பம் படித்து, தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம் ஓடும் இடத்தில் வேலை செய்பவன்.

வழக்கமான முறையில், சுண்ணாம்பு நீக்கிய தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவிடுவோம். இதற்குப் பிக்கிள் என்று பெயர். அமிலம் உள்ளே இறங்கிய பிறகு குரோம் சல்பேட் போட்டு டிரம்மை மணிக்கணக்கில் சுற்றவிடுவோம். கடைசியில் சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அமிலத்தைத் தணித்தால்தான் குரோம் தோலில் பிடித்து நிற்கும். இவ்வளவு செய்தும் போட்ட குரோமில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலுக்குள் போகிறது. மிச்சமெல்லாம் கரும்பச்சைத் தண்ணீராக டிரம்மை விட்டு இறங்கி ஓடும். புதிய முறையில் பிக்கிளும் இல்லை, கடைசியில் அமிலம் தணிக்கும் வேலையும் இல்லை. 90 சதவீதத்துக்கு மேல் குரோம் தோலிலேயே தங்குகிறது. வெளியே போய்விட்ட குரோமை மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீட்பதைவிட, போகவே விடாமல் தடுப்பது எவ்வளவோ மேல். இது ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிட்ட சங்கதியும் அல்ல. ஆலைகளில் நடக்கிறது.

பாலாற்றங்கரை:
என் கிணற்றைக் கெடுத்தது முக்கியமாக உப்பு. அதற்கு உங்கள் முறை என்ன செய்கிறது?

ஈரநீலம்:
கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு சுமார் 20 சதவீதம் குறைகிறது. பெரும்பங்கு உப்பு பச்சைத்தோல் அழுகாமலிருக்க ஆரம்பத்திலேயே தடவுவது. தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தடவுவார்கள். குரோம் ஏற்றும் முறையை மாற்றினால் அந்த உப்பு குறையாது, உண்மைதான்.

பாலாற்றங்கரை:
வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. முக்கால்வாசிக்கும் மேல் பாக்கியிருக்கும்போது ஆறு பிழைத்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சிறுபட்டறை:
நாங்கள் குடும்பமாக ஒரு சின்ன டேனரி, அதாவது தோல் பதனிடும் பட்டறை, நடத்துகிறோம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை, பிறகு வாட்டில் பட்டை போட்டுப் பதனிட்ட ஊர்கள் இவை. அரைப்பதனத் தோல் ஏற்றுமதியை 1970களில் அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலை அனுப்பு என்றது. குரோம் பெரிய அளவில் வந்ததற்கு அதுவும் காரணம். இதையும் யாராவது எழுத வேண்டும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். அங்கே சவ்வூடு வடிகட்டி, மிஞ்சியதை ஆவியாக்கும் கலன்களில் சுண்டவைத்து உப்பாக எடுக்கிறார்கள். பல உப்புகள் கலந்த அந்தச் சரக்கை யாரும் வாங்குவதில்லை. மூட்டைமூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. சின்னப் பட்டறைகள் இன்னும் எவ்வளவுதான் தாங்கும்?

தொழில்நலம்:
நான் தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவர். குரோம் எவ்வளவு ஏறுகிறது, உப்பு எவ்வளவு குறைகிறது என்று எல்லோரும் அளக்கிறீர்கள். டிரம்மிலிருந்து ஈரத்தோலை அள்ளி எடுப்பவரின் கையை யார் அளக்கிறார்கள்?

விரல் இடுக்கிலும் நகக்கண்ணைச் சுற்றியும் வெடிப்பு, மணிக்கட்டில் தடித்துக் கறுத்த தோல், உரலில் இடித்த மிளகாய் பட்டதுபோல ஓயாத எரிச்சல். இப்படி வருகிறவர்களிடம் என்ன வேலை என்று கேட்பவர்கள் குறைவு. சொறி என்று சீட்டில் எழுதிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். குரோமால் வரும் புண்ணை 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வந்தால் அந்த அறிவிப்பை யார் அனுப்புவார்கள்?

ஈரநீலம்:
டாக்டர், ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்டது ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் கழிவில் இருப்பது அதுதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் வீண் பீதிதான் கிளம்பும்.

தொழில்நலம்:
நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் சூட்டிலும் வெளிச்சத்திலும் பதனிட்ட தோலில் உள்ள மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தேதியிலிருந்து, உடலில் படும் தோல்பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று விதித்தது. அந்த விதி வந்ததும் இங்கே ஆய்வகப் பரிசோதனை, சான்றிதழ் எல்லாம் மளமளவென்று நடந்தன. செருப்பு போடுகிறவரின் பாதத்துக்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது. தோலைத் தூக்குகிறவரின் கைக்கு இன்னும் அப்படி ஓர் அளவு பார்க்கப்படவில்லை.

குரோமோடும் இது முடிவதில்லை. முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறீர்கள். அந்தத் தண்ணீர் அமிலக் கழிவோடு தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பே மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் இறப்பது அதனால்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் புதைந்து இறந்தார்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய நிலையத்தில் நடந்தது அது.

ஈரநீலம்:
அதை மறக்க முடியாது. ஆனால் ஒரு வேதியியல் ஆய்வுத் திட்டத்தின் தலையில் தொழிலாளர் நலம் முழுவதையும் ஏற்றுவது சரியா? அதற்குத் தொழிற்சாலை ஆய்வாளர் இருக்கிறார், இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

தொழில்நலம்:
முழுவதையும் ஏற்றச் சொல்லவில்லை. புதிய முறைக்கு மாறும் ஆலையில் மாறுவதற்கு முன்பும் ஓராண்டு கழித்தும் தொழிலாளர்களின் கைகளைத் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிவில் சிறுநீரில் குரோமியம் அளக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாத டிரம்மில் குரோம் தூளைக் கொட்டும்போது தூசி அதிகமாகுமா, குறையுமா? இந்தக் கேள்வி இந்த முறையைப் பற்றிய ஆய்வுக்குள்தானே வரும்? அந்த ஆய்வுக்குச் செலவாகும் காசிலேயே பாலாற்றங்கரைக்காரரின் கிணற்றையும் சோதிக்கலாம்.

சிறுபட்டறை:
பரிசோதனைக்கு எங்கள் ஆட்களை அனுப்ப நான் தயார். ஆனால் முடிவு வந்த மறுநாளே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பூட்டுப் போடும் என்றால் எந்த முதலாளியும் கதவைத் திறக்க மாட்டான். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
பூட்டுக்குப் பயந்து உண்மையை மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஆலைப் பெயரை வெளியிடாமல் நடத்துங்கள், சம்மதிக்கிறேன். ஆனால் தொழிலாளியின் முடிவு தொழிலாளி கைக்கும், கிணற்றின் முடிவு ஊராட்சிக்கும் எழுத்தில் வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈரநீலம்:
தூசி பற்றிய கேள்விக்கு என்னிடம் அளவு எதுவும் இல்லை. டிரம் வாயில் காற்று மாதிரி எடுக்கும் கருவிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். டாக்டர், எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.