சமீபத்தில் படித்த நாவல்களும் தன்வரலாறுகளும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மதுரை வாசகர்:

தன்வரலாறு என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தன்னைப் பற்றித் தானே எழுதும்போது யாருக்குத்தான் கை கூடுதலாக ஓடாது? ஆனாலும் இந்த வருஷம் வரிசையாக அவைதான் கையில் மாட்டின. இடையிடையே சில நாவல்கள். பிடித்தது, எரிச்சல் மூட்டியது இரண்டையும் எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதுங்கள், என்னோடு சண்டை போட்டாலும் சரி.

முதலில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942-ல் அவர் காலமானதால் நடுவிலேயே நின்றுபோனது. அப்படி நின்றும் 122 அத்தியாயம். இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏடு தேடி அலைந்த கதைக்குத்தான் போவார்கள். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போக, அவர் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார் என்ற 1880-ஆம் வருஷத்துச் சந்திப்பை இலக்கிய மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பகுதி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாயூரத்து (இன்றைய மயிலாடுதுறை) நாட்கள்.

பிள்ளைக்குத் தோட்டம் என்றால் உயிர். காலையில் எந்தச் செடி புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்தபடியே நடப்பார். புதிதாகச் சேர்ந்த பையனுக்கோ அவர் வாயாலேயே பாடம் கேட்க ஆசை. அவர் இவனை இன்னொரு மாணவரிடம் ஒப்படைத்துவிட்டார். பையன் என்ன செய்தான் தெரியுமா? அவர் எழுந்து வருவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய், எங்கெங்கே தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். அவர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டிக்கொடுத்தான். அப்படியே மெல்லப் பாடத்துக்கும் வழி பிறந்தது. மகாமகோபாத்தியாயர் ஆகி, 85 வயதில் எழுதும்போதும் அந்தக் குட்டித் தந்திரத்தை அவர் விழுங்கிவிடவில்லை.

இன்னோர் இடம். எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் வந்து உட்காருகிறார் பிள்ளை. எண்ணெய் வரவில்லை. வீட்டில் இல்லை என்பது மாணவனுக்குப் புரிந்துவிடுகிறது. தன்னிடம் இருந்த காசோடு கடைத்தெருவுக்கு ஓடி, வாங்கிவந்து சத்தமில்லாமல் உள்ளே சேர்த்துவிடுகிறான். தமிழ்நாட்டில் அவரை மிஞ்சிய வித்துவான் இல்லை என்று பேர். தலைக்கு வைக்க எண்ணெய் இல்லை. இதைச் சாமிநாதையர் பெரிதாக விவரிப்பதில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நான்தான் நகர முடியாமல் அந்தப் பக்கத்திலேயே நின்றேன்.

பிள்ளையைப் பற்றி 1933, 1934-ல் இரண்டு பாகமாகத் தனிப் புத்தகமே எழுதி முடித்தவர் அவர். அப்புறம் தன் கதை என்று எழுத உட்கார்ந்தால் அதிலும் ஆசிரியர்தான் வந்து நிறைகிறார். என் அளவுகோல் இங்கிருந்து வந்ததுதான்: எழுதுகிறவர் தன்னை ஓரமாக உட்காரவைத்து வேறொருவருக்கு இடம் விட்டிருந்தால், அந்தத் தன்வரலாற்றை நம்பலாம்.

இந்த அளவுகோலில் கண்ணதாசனின் 'வனவாசம்' தேறாது. தன்னை 'அவன்' என்று படர்க்கையில் வைத்துத்தான் கதை சொல்கிறார். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த 'அவன்'தான். 1961-ல் தி.மு.க.வை விட்டு வெளியேறுவது வரை இதே பாடு. தன் தப்புகளை ஒளிக்கவில்லை என்று எல்லாரும் பாராட்டுவார்கள். ஒளிக்கவில்லைதான். ரசித்து ரசித்துச் சொல்கிறார், அதுவும் ஒரு வகைப் பெருமையடிப்புதானே? கூட இருந்த மனிதர்கள் முழு ஆளாகவே வருவதில்லை, இவருக்கு மனவருத்தம் கொடுத்துவிட்டுப் போவதற்காக வருகிறார்கள். நடை மட்டும் பிரமாதம். ஒரே மூச்சில் முடித்தேன். மறுபடி எடுக்கத் தோன்றவில்லை.

நாவல்களில், ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைத் திரும்பப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை சுமத்ரா தீவின் மேடான் நகரத்துக்குள் வருவதில் கதை தொடங்குகிறது. வட்டிக்கடையில் வேலை பார்த்த பாண்டியன் போருக்குள் இழுபட்டுப் போகிறான். சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் போகும்போது புயலில் மாட்டும் அத்தியாயத்தை உட்கார்ந்து படிக்க முடியவில்லை. வாக்கியங்களே துண்டு துண்டாகி ஆடுகின்றன. நடுநடுவே போதையில் பாண்டியனும் நண்பர்களும் சங்க இலக்கியத்திலிருந்து சமகாலம்வரை எல்லாரையும் இழுத்துவைத்துக் கிண்டல் அடிக்கும் பகுதிகளில் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் மாசி வீதிகள் மேடானில் இருப்பவனுடைய நினைவில் ஓடும் பக்கங்களை மதுரைக்காரன் என்ற முறையில் நான் நடுநிலையோடு மதிப்பிட முடியாது, விட்டுவிடுகிறேன்.

சிங்காரம் 1938-ல் பிழைப்புக்காக மேடானுக்குக் கப்பல் ஏறியவர். போர் முடிந்து 1946-ல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாழ்ந்து 1997-ல் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு பார்த்த மனிதர் 'நான்' என்று ஒரு தன்வரலாறு எழுதவில்லை. பாண்டியனை எழுதினார். எனக்கு அது போதும்.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்', 2023 சாகித்திய அகாதமி விருது வாங்கியது. ஒரு சாவைச் சுற்றிக் கூடும் சொந்தபந்தங்களின் கதை. பிடித்தது. ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.

திருச்சி செவிலியர்:

அண்ணா, இமையத்தின் 'செல்லாத பணம்' உங்கள் பட்டியலில் இல்லையே? நான் அதைப் படித்த விதத்தைச் சொல்கிறேன். சில வருஷம் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். தோழி ஒருத்தி, 'உனக்கு வேண்டாம், படிக்காதே' என்றாள். அதனாலேயே படித்தேன்.

இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறாள். அவளுடைய அப்பா நடேசன் தலைமையாசிரியர், கையில் பணம் வைத்திருக்கிறார். எவ்வளவு வேண்டுமானாலும் கட்டத் தயார். வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாவலின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே காத்திருக்கிறவர்களின் பேச்சுதான்.

அந்தப் பேச்சை நான் தினமும் கேட்டிருக்கிறேன். முதல் கேள்வி எப்போதும் 'எத்தனை பர்சன்ட் சிஸ்டர்?' தலைக்கு 9, ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18 என்று கூட்டிக் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். அந்த எண் தெரிந்ததும் குடும்பத்துக்குள் ஒரு கணக்கு ஓடும். ரொம்ப ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு முனைகளும் போய்விடுவதால் அங்கே வலி தெரியாது. முதல் நாள் தெளிவாகவே பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், பிள்ளை சாப்பிட்டதா என்று விசாரிப்பார்கள். வெளியே இருக்கிற அம்மா, 'நல்லா பேசுறா, பிழைச்சிடுவா' என்று எல்லாருக்கும் போன் போடுவார். தொற்று அதற்குப் பிறகுதான் வரும். மரண வாக்குமூலம் எடுக்க மாஜிஸ்திரேட் வந்தால் எங்களை நகர்ந்து நிற்கச் சொல்வார்கள். பெண்கள் நிறையப் பேர் 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்பார்கள். கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டுப் பெண்களும்.

இமையம் ஒருத்தர் தலையில் மொத்தப் பழியையும் கட்டிவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எனக்கு அது நாவலாகத் தெரிந்தது. ஒரே அழுகையும் ஒரே வசவும் திரும்பத் திரும்ப வருகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். அங்கே நின்று பாருங்கள், அப்படித்தான் வரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மதுரைத் தம்பி, உங்கள் அளவுகோலோடு எனக்கு வழக்கு இருக்கிறது. 'வனவாச'த்தில், டால்மியாபுரம் என்ற ஊர்ப்பெயரை மாற்றச் சொல்லி தி.மு.க. நடத்திய 1953 கல்லக்குடிப் போராட்டமும் அதற்குப் பிந்தைய சிறையும் வரும் பகுதியைக் கணக்கில் எடுக்காமல் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அது போகட்டும். தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு'க்கு இந்த அளவுகோலை எப்படி வைப்பீர்கள்? 1992-ல் வந்த புத்தகம், முழுக்கப் பேச்சுத் தமிழ். தன்னை ஓரமாக உட்காரவைப்பது என்பது நடுவில் உட்கார இடம் கிடைத்தவர்களுக்கு அழகு. தலைமுறை தலைமுறையாக ஓரத்திலேயே நிறுத்தப்பட்டவர் 'நான்' என்று எழுதினால் அதைத் தற்பெருமையில் சேர்க்க முடியுமா?

வகுப்பில் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். பள்ளிவிட்டு வரும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருந்த நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பாள். அவ்வளவு பெரிய ஆள் அப்படி நடப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சத்தமாக வாசித்தபோது வகுப்பும் சிரித்தது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்கிறாள். தொட்டால் தீட்டு என்பதற்காகத்தான் அவர் நூலைப் பிடித்து எடுத்துப்போனார் என்று அண்ணன் சொல்கிறார். முன் பெஞ்சுப் பையன்கள் சிலர் நிமிரவே இல்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் முதலிலேயே சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி:

வாத்தியார் சொல்வதோடு எனக்கும் உடன்பாடு. நான் அண்மையில் வாசித்தது தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்தவ. 2015 அக்டோபரில் புற்றுநோயால் காலமானா, புத்தகம் 2016-ல்தான் வந்தது. வந்த உடனேயே அவ எழுதினதுதானா, வேறு ஆட்கள் கை வைத்தார்களா என்று பெரிய சண்டை. இங்கே ஒரு வீட்டில் அதைப் பற்றிக் கதைத்தபோது இரண்டு பேர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டினம். அதில் ஒருத்தர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காத ஆள்.

என்ரை அபிப்பிராயம் இதுதான். இயக்கத்தைப் பற்றி எழுதுகிற சில பக்கங்களில் அறிக்கை வாசிக்கிற தொனி தட்டுது. கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் போன பிறகு வாற பகுதியில்தான் ஒரு மனுசி எனக்கு முன்னால் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பக்கங்களை வேறு ஆள் எழுதியிருக்கலாம் என்று என்னால் நம்ப ஏலாது. ஆனால் எழுதியவவிடம் கேட்க வழியில்லை. கோபப்படுகிற ஆட்களுக்கும் அதுதான் வசதியாகப் போய்விட்டது.

மதுரை வாசகர்:

ஐயா, கருக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அங்கே 'நான்' என்பது ஒரு தெரு முழுக்க. கண்ணதாசன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். அக்கா, தமிழினி புத்தகத்தை நூலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கச்சி, செல்லாத பணம் வீட்டில் இருக்கிறது, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு எடுக்கக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

கோவைப் புதியவர்:

புயலிலே ஒரு தோணியை எடுத்து, மேடான் தெருப் பெயர்களிலேயே நின்றுவிட்டேன். எப்படித் தாண்டுவது?

மதுரை வாசகர்:

ஒவ்வொரு மலாய்ச் சொல்லுக்கும் நிற்காதீர்கள், ஓட்டத்தில் புரிந்துவிடும். இல்லையென்றால் அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' படித்துவிட்டு வாருங்கள். அதே போர்க்காலம், அதே செட்டியார் கடைகள், ஆனால் செல்லையாவும் மரகதமும் என்று நேரான காதல் கதை, பக்கமும் குறைவு. இரண்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் போட்டிருக்கிறார்கள், கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.