ஈஸ்டே சுரக்கும்போது மரபணு மாற்றம் எதற்கு?

கேள்வி:
ஸ்டார்மெரெல்லா பாம்பிகோலா என்ற ஈஸ்ட் சர்க்கரையும் எண்ணெயும் கொடுத்தால் சோபோரோலிப்பிட்டை, அதாவது சோப்பு போல வேலை செய்யும் கொழுப்பை, ஒரு லிட்டர் வளர்ப்புக் கரைசலில் 100 கிராமுக்கு மேல் சுரக்கிறது. பம்பிள் தேனீயின் தேனில் கிடைத்த உயிரி இது. இவ்வளவு தாராளமாகத் தரும்போது மரபணுவில் ஏன் கை வைக்கிறார்கள்?

பதில் 1:
அளவு பிரச்சினையே இல்லை, கலவைதான் பிரச்சினை. வளையமாக மூடிய லாக்டோன் வடிவமும் திறந்த அமில வடிவமும் சேர்ந்தே வரும். முதலாவது தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆனால் நுண்ணுயிர்களைத் தடுப்பதில் கெட்டி. இரண்டாவது நன்றாகக் கரையும், துப்புரவுக் கலவைக்கு ஏற்றது. வளையத்தை மூடுவது செல்லுக்கு வெளியே சுரக்கும் லாக்டோன் எஸ்டரேஸ் நொதி, அதன் மரபணுவை நீக்கினால் அமில வடிவம் மட்டுமே கிடைக்கும், கூட்டி இயக்கினால் பெரும்பாலும் லாக்டோன். பிரித்தெடுக்கும் வேலை எவ்வளவு குறையும் என்று பாருங்கள்!

பதில் 2:
இன்னொன்றும் உண்டு. நாம் ஊட்டும் கொழுப்பு அமிலத்தில் ஒரு பகுதியை ஈஸ்ட் பீட்டா ஆக்சிஜனேற்றம் மூலம், அதாவது துண்டு துண்டாக உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையில், எரித்துத் தின்றுவிடும், குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலம் என்றால் இன்னும் மோசம். அந்தப் பாதையை அடைத்த ஈஸ்ட் திரிபுகளும் (மாற்றிய வகைகள்) இருக்கின்றன.

கேட்டவர்:
சரி, புரிகிறது. ஈஸ்டைத் தவிர மற்ற பூஞ்சைகளிலும் இதே கதைதானா?

பதில் 3:
ஆமாம். மக்காச்சோளக் கரிப்பூட்டையை உண்டாக்கும் உஸ்டிலாகோ மெய்டிஸ், மேனோசைல் எரித்ரிட்டால் லிப்பிட், உஸ்டிலாஜிக் அமிலம் என்று சோப்பு போல வேலை செய்யும் கொழுப்பில் இரண்டு வகை தரும். இஎம்டி1 மரபணுவை நீக்கினால் முதலாவது நின்றுவிடும், சிஒய்பி1 மரபணு போனால் இரண்டாவது. ஆனால் இது பயிர் நோய்க்கிருமி, தொழிற்சாலைக்கு எடுத்துப்போகும்போது அதை மறக்கக்கூடாது.