த்ரெஷோல்டுக்குத் தமிழ்ல என்ன? (மெட்டல் டிடெக்டர் ஹெட்போன் குறிப்புக்காக)

எல்லாருக்கும் வணக்கம்,

மெட்டல் டிடெக்டருக்கு ஹெட்போன் நாமளே கட்டிக்கிறது எப்படின்னு ஒரு குறிப்பு எழுதிட்டு இருக்கேன், பாதியில ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்குது. ஹெட்போனுக்கு செவிப்பொறி, காதொலிப்பான்னு ஆளுக்கொன்னு சொல்றீங்க, எதுவானாலும் எனக்குச் சம்மதம். சிக்கல் த்ரெஷோல்டுதான்.

டிடெக்டரை ஆன் பண்ணி திருகை மெல்லத் திருப்பினா கேக்குதா இல்லையான்னு சன்னமா ஒரு ரீங்காரம் வருமே, அதுக்குத்தான் அந்தப் பேரு. ஆழத்துல கிடக்குற சின்ன சாமான் எடுத்தவுடனே பீப் அடிக்காது, அந்த ரீங்காரம் லேசா உப்பும், இல்ல ஒரு கணம் நெளியும், அவ்வளவுதான். வேண்டாம்னு ஒதுக்கி வெச்ச இரும்பு மேல காயில் (தரைக்கு மேல வீசுற கம்பிச்சுருள்) போனா சத்தமே அறுந்துரும்.

இதுக்கு ஒருத்தர் இப்படிச் சொன்னாரு:

> த்ரெஷோல்டு = வாயில் அளவு. சொல்லு ஏற்கெனவே இருக்கு, புதுசா எதுக்கு?

ஐயா, எண்ணைக் குறிக்க அது சரி. இங்க அது காதுல விழுற சத்தம். "வாயில் அளவு அறுந்துருச்சு"ன்னு யார் வாயில வரும்?

ஹெட்போனே இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் கட்டுறோம். நான் முதல்ல ஃபாக்டரியில போடுற காதடைப்பு மஃப் ஒன்னைப் பிரிச்சு உள்ள ரெண்டு 32 ஓம் டிரைவர் (சத்தம் போடுற குட்டி ஸ்பீக்கர்) வெச்சு ஸ்டீரியோ ப்ளக் போட்டேன், டிடெக்டர்ல இருந்தது மோனோ ஜாக், ஒரு காதுதான் பேசுச்சு. ப்ளக் நுனியையும் நடு வளையத்தையும் சேர்த்து ஈயத்தால பத்த வெச்சதும் சரியாச்சு. பேரலல்ல 16 ஓம், சீரிஸ்ல போட்டா 64, உங்க டிடெக்டர் எதைத் தாங்கும்னு பாத்துக்கணும்.

அப்புறம் இரும்பை ஒதுக்காம வெச்சிருந்தப்ப ஒரு இரும்புத் துண்டு காயிலுக்குப் பக்கத்துல வந்துச்சு பாருங்க, காது கிழிஞ்சுது. பயந்துபோய் வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) வெச்சுக் குறைச்சா ரீங்காரமும் சேர்ந்து செத்துப் போச்சு, ஹெட்போன் கட்டின காரணமே போச்சு. கடைசியில தொடர்ச்சியா ஒரு ரெசிஸ்டர், டிரைவருக்குக் குறுக்கே எதிரெதிரா ரெண்டு சிலிக்கான் டயோடு. ஏறக்குறைய 0.6 வோல்ட்டுக்கு மேல போறதை வெட்டிரும், கீழ இருக்குற சன்னமான சத்தத்தைத் தொடாது. ஆனா 32 ஓம்ல 0.6 வோல்ட்னா 11 மில்லிவாட், அதுவே வலிக்கும், 150 ஓம் டிரைவர்னா 2.4 தான். அதனால இப்ப 150-க்கு மாத்திட்டேன்.

என் பரிந்துரை: அடிச்சுருதி. தம்புரா மாதிரி பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு, விலகினா உடனே தெரியுது.

----

அண்ணே, கருத்து நல்லாருக்கு, ஆனா சுருதி வடசொல். வண்டு முரலுதுன்னு சொல்றோம்ல, அடிமுரல்னு வெச்சா என்ன? நீங்களே ரீங்காரம்னுதான் எழுதுறீங்க.

இன்னொன்னு, ப்ளூடூத் வெச்சா வயர் தொல்லை இருக்காதே?

----

முரல்னா ஊசி மூக்கு வெச்ச மீனு தம்பி! "முரல் அறுந்துச்சு"ன்னா வலை அறுந்துச்சான்னு கேப்பாங்க எங்க ஆளுங்க :) சுருதியே இருக்கட்டும், வீட்டுல பாட்டு கத்துக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச சொல்லு.

----

ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுறேன்.

ப்ளூடூத் முதல்ல: சாதாரணமா 200 மில்லிசெகண்டு கிட்ட தாமதம் வரும். செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல காயிலை வீசுறோம்னு வைங்க, சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள காயில் 20 சென்டிமீட்டர் தாண்டிருக்கும், குழி தப்பான எடத்துல விழும். தாமதம் கம்மியான வகையெல்லாம் இருக்கு, எனக்கு வயரே போதும்.

வடசொல்லுங்கிறதுக்காக நான் சுருதியை விடல. நேத்து ராத்திரி யோசிச்சப்ப வேற ஒன்னு உறுத்துச்சு. சுருதின்னா அதோட சேரணும், அதுக்கு ஏத்த மாதிரி பாடணும். இந்தச் சத்தத்தோட யாரும் சேரப்போறதில்ல, எந்தக் கட்டையில இருந்தாலும் கவலையில்ல, காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தாப் போதும். ஜன்னலுக்கு வெளிய வண்டு சுத்துற மாதிரி. அப்ப தம்பி சொன்னதுதான் பொருந்துது.

மீனைப் பத்தி: 1881-ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு உடம்புல குண்டு எங்க இருக்குன்னு கிரகாம் பெல் மெட்டல் டிடெக்டர் மாதிரி ஒரு கருவி வெச்சுத் தேடினப்பவும் டெலிபோன் ரிசீவரைக் காதுல வெச்சுத்தான் கேட்டாரு, குண்டு கிடைக்கல, மெத்தைக்குள்ள இருந்த இரும்புக் கம்பிச்சுருள் குழப்பிருச்சுன்னு சொல்றாங்க. அந்தக் காலத்துல இருந்தே இது காதுல கேக்குற விஷயம், அதனால முரல்னா யாரும் வலையைத் தேட மாட்டாங்க, முன்னாடி "அடி" வேற இருக்கு.

வெச்சுப் பாத்தேன்: அடிமுரல் உப்புது, அடிமுரல் நெளியுது, அடிமுரல் அறுந்துச்சு, முரல் திருகு. எல்லாமே வாயில வருது. டயோடு ஜோடிக்கு "உச்சவெட்டி"ன்னு போட்டிருந்தேன், வீட்டுல படிச்சுட்டு "யாரு அந்த வெட்டி"ன்னு கேட்டாங்க, அதுக்கு வேற சொல்லு இருந்தா அனுப்புங்க. சர்க்யூட் படத்துல அந்த எடத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன்.