சம்பளமில்லாமல் ரயில் ஓட்டுவது எதற்காக?

மருதன் (கேள்வி):
அடுத்த மாதம் குடும்பத்தோடு வேல்ஸ் போகிறோம். அங்கே டாலிலின் என்ற பழைய நீராவி ரயிலில் டிரைவர், கார்டு உட்படப் பலரும் தொண்டர்களாமே! விடுமுறையில் கைக்காசு செலவழித்து வந்து கரி அள்ளுகிறார்கள். பழைய என்ஜின் மீதுள்ள மோகம்தானா, வேறு ஏதாவது இருக்கிறதா?

அல்லி:
மருதன், நான் இங்கிலாந்தில் இப்படி ஒரு பாதையில் வேலை செய்கிறேன். மோகத்தில்தான் எல்லோரும் வருகிறோம். ஆனால் குளிரிலும் மழையிலும் திரும்பத் திரும்ப வர அது போதாது.

முதல் ரயில் பத்தரைக்கு என்றால் ஐந்து மணிக்கு ஷெட்டில் இருப்போம். முந்தைய நாள் சாம்பலைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்த பிறகே தீ மூட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கரியைக் கொட்டினால் இரும்பு சீராக விரியாது, கொதிகலன் பாழாகும். நீராவி ஏறும்வரை எண்ணெய்த் துணியால் சக்கரங்களைத் துடைப்போம். அழுக்கு போனால்தான் விரிசல் கண்ணில் படும். துடைப்பவராகச் சேர்ந்து, தீயைக் கவனித்துக் கரி போடும் ஃபயர்மேனாகி, டிரைவராவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு படியிலும் தேர்வு உண்டு. சம்பளம் இல்லை என்பதற்காக யாரும் சலுகை காட்டுவதில்லை. பின்னால் பெட்டிகளில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பொறுப்பை என்னை நம்பிக் கொடுக்கிறார்களே, அதற்காகத்தான் போகிறேன்.

டாலிலின் பாதையே அப்படிப் பிழைத்ததுதான். ஸ்லேட் குவாரிக்காக 1860களில் போட்ட பாதை. உரிமையாளர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் 1950இல் காலமானதும் மூடியிருக்க வேண்டியது. அந்த அக்டோபரில் பர்மிங்காமில் கூடிய ஆர்வலர்கள், 1951 மே மாதமே ரயிலை ஓட்டிவிட்டார்கள். உலகில் தொண்டர்கள் காப்பாற்றி நடத்திய முதல் ரயில்பாதை அது. தண்டவாளம் புல்லுக்குள் கிடந்தது. ஓடும் நிலையில் இருந்தது 1866இல் செய்த டோல்கோக் என்ஜின் ஒன்றுதான். நல்லவேளையாக, மூடப்பட்டிருந்த பக்கத்து கோரிஸ் பாதையும் தண்டவாளங்களுக்கிடையே அதே அபூர்வமான இரண்டேகால் அடி அகலம். அதன் இரண்டு என்ஜின்களை வாங்கிச் சேர்த்தார்கள். நீங்கள் போகும்போது டோல்கோக் ஓடுகிறதா என்று அவசியம் விசாரியுங்கள்.

சண்முகம்:
அல்லி சொல்வது இளையவர்களுக்குப் பொருந்தும். பணி ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு ஆள் துணைதான் முதல் காரணம். நான் ஒரு நாள் வராவிட்டால் சிக்னல் அறையிலிருந்து போன் வந்துவிடும்.

மருதன்:
இருவருக்கும் நன்றி. என்ஜின் பற்றி ஒன்றும் தெரியாதவர்களையும் சேர்ப்பார்களா?

அல்லி:
தாராளமாக. டிக்கெட் கொடுக்கவும், தேநீர்க் கடையைப் பார்த்துக்கொள்ளவும் எப்போதும் ஆள் தேவை. குளிர்காலத்தில் பாதையோரப் புதர் வெட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதற்கு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உடனே கையுறை கொடுத்துவிடுவார்கள்.