திருப்பூர்–தூத்துக்குடி சரக்கில் கார்பனைக் குறைப்பது: நான்கு பேரின் அனுபவப் பகிர்வு

சங்ககிரி, லாரிப் பராமரிப்பு

சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான கார்பன் கணக்கையும் இப்போது வெளிநாட்டு பையர்கள் கேட்கிறார்கள். டன்-கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஏதோ ஓர் அட்டவணையைப் பார்த்து எழுதி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. வண்டி நன்றாக ஓடினாலும் மோசமாக ஓடினாலும் அதில் ஒரே எண்தான் வரும், அதை வைத்து எதையும் குறைக்க முடியாது. எரிந்த டீசலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு (இங்கே சுருக்கமாகக் கார்பன்). கிளம்பும்போது டேங்க் ஃபுல், திரும்பியதும் அதே பங்கில் மறுபடி ஃபுல், நடுவில் போட்டதையும் கூட்டினால் ட்ரிப்புக்கு எரிந்த லிட்டர் கையில் இருக்கும்.

காலி ஓட்டத்தை விடவே கூடாது. தூத்துக்குடி யார்டில் காலி கன்டெய்னர் பெட்டியை எடுத்துத் திருப்பூர் வந்து, லோடு ஏற்றித் திரும்புகிறது ட்ரெய்லர். ஒரு பக்கம் 330 கிலோமீட்டர், காலிப் பெட்டியோடு மைலேஜ் 5, லோடோடு 3.5 என்று வைத்தால் மொத்தம் 160 லிட்டர், சுமார் 430 கிலோ கார்பன். லோடு ஓட்டத்தை மட்டும் காட்டினால் 250 கிலோ சொச்சம்தான் வரும். போக்குவரத்துக் கார்பனைக் கணக்கிட 2023-ல் வந்த ஐஎஸ்ஓ 14083 தரமும் காலி ஓட்டத்தைச் சேர்க்கத்தான் சொல்கிறது.

வண்டியில் அதிகம் ஏமாற்றுவது பின் ஆக்சிலின் உள் டயர். கம்பியால் தட்டிப் பார்த்தால் 80 பிஎஸ்ஐ-யும் 110 பிஎஸ்ஐ-யும் ஒரே சத்தம்தான் கொடுக்கும். கேஜ் வைக்க வேண்டும், அதுவும் காலையில் வண்டி எடுக்கும் முன். ஓடிச் சூடேறிய டயரில் காற்று கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றோடுதான் ஓடும். உள் டயருக்கு வால்வ் எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டால் சோதிக்கச் சோம்பல் வராது. டீ குடிக்க நிறுத்தும்போது ஒவ்வொரு ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் போகிறது. இரண்டுமே டீசலைத் தின்னும். லிஃப்ட் ஆக்சில் உள்ள வண்டி காலியாகப் போகும்போது அதைத் தூக்கிவிட வேண்டும்.

துறைமுக கேட் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டே நிற்பதும் இதில் சேர்த்திதான். பிஎஸ்-6 வண்டியில் இப்படி நின்றபடி ஓடும் ஐடிலிங் கூடினால், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி சேரும், பிறகு அதை எரிக்கும் ரீஜெனுக்குத் தனியாக டீசல் போகும். ஆட்ப்ளூ எனும் யூரியாக் கரைசலை ஊற்றினால் கார்பன் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். அது நைட்ரஜன் ஆக்சைடுக்கான மருந்து, கார்பனைக் குறைக்காது.

திருப்பூர், ஏற்றுமதி பேக்கிங்

சங்ககிரி அண்ணன் சொன்ன 430 கிலோவை எத்தனை உருப்படிகள் பங்கு போடுகின்றன என்பதை அட்டைப்பெட்டிதான் முடிவு செய்கிறது. பின்னலாடையில் கன்டெய்னர் எடையால் நிரம்பாது, இடத்தால்தான் நிரம்பும். 40 அடி ஹை-கியூப் கன்டெய்னரின் உள் உயரம் சுமார் 2.69 மீட்டர். கார்ட்டன் உயரம் 40 செ.மீ. என்றால் ஆறு அடுக்கு, மேலே 29 செ.மீ. வெறும் காற்று. 37 செ.மீ. என்றால் ஏழு அடுக்கு, 2.59 மீட்டர் வரை சரக்கு. கொள்ளளவு 8 சதவீதம் கூடுகிறது. 38 வைக்க ஆசைப்பட வேண்டாம். ஏழு அடுக்கு 2.66 வந்துவிடும், ஒவ்வொரு பெட்டியும் அரை சென்டிமீட்டர் உப்பினாலே கடைசி அடுக்கு ஏறாது. பாலிபேக்கில் காற்றை வெளியேற்றாமல் அமுக்கி டேப் ஒட்டினால் உப்பத்தான் செய்யும். அளவை மாற்றும் முன் பையரின் கிடங்கு அந்த அளவை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலி ஓட்டத்தைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. கோவைப் பக்கம் இறக்குமதிச் சரக்கு இறங்கிக் காலியான பெட்டியை யார்டுக்கு அனுப்பாமல் அப்படியே ஏற்றுமதிக்கு எடுப்பது. ஷிப்பிங் லைன் ஒன்றாக இருக்க வேண்டும், அவர்கள் அனுமதி வேண்டும், பெட்டி துணிக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும். ஒருவர் உள்ளே நிற்க, வெளியே இருப்பவர் கதவைச் சாத்த வேண்டும். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் ஓட்டை, அந்தப் பெட்டி வேண்டாம். எண்ணெய், ரசாயன வாடை அடித்தாலும் வேண்டாம்.

தூத்துக்குடி, ரீஃபர் (குளிர்பதன லாரி) பராமரிப்பு

இறால், மீன் ஏற்றுபவர்களுக்கு டீசல் மட்டும் கணக்கில்லை. ரீஃபர் லாரிகளில் பரவலாக உள்ள ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் கேஸின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 3,922 மடங்கு. ஒரு கிலோ கசிந்தால் 3.9 டன். கிட்டத்தட்ட 1,460 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம்! கூலிங் குறைந்ததும் கசிவைத் தேடாமல் டாப்-அப் செய்துகொண்டே போவதுதான் இங்கே பெரிய தப்பு. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நீர் தடவி, முதலில் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீலையும் அதிர்வில் தளரும் ஹோஸ் இணைப்புகளையும் பாருங்கள். சர்வீஸில் மீதிக் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் ரெக்கவரி மெஷினில் பிடிக்கச் சொல்லுங்கள்.

ரீஃபர் குளிரைக் காக்கும் யூனிட். சூட்டை இறக்குவதற்கு அது கட்டப்படவில்லை. -18 டிகிரிக்கு உறையாத சரக்கை ஏற்றினால் வழி நெடுக முழு வேகத்தில் ஓடியும் இறங்காது. கதவு திறந்திருக்கும்போது யூனிட்டை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஈரக்காற்று குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் பனியாகப் படியும், பிறகு அதை உருக்கும் டிஃப்ராஸ்டுக்கே டீசல் போகும். உள்ளே அடுக்கும் உயரத்தின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கினால் காற்றோட்டம் அடைபடும்.

கோவை, மின் வாகனக் கணக்கு

2025 ஜூலையில் மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின் லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தார்கள், பழைய லாரியை ஸ்கிராப் செய்த சான்று வேண்டும். வாங்குமுன் ஒரு கணக்கு போடுங்கள். 55 டன் மின் லாரி கிலோமீட்டருக்கு 1.4 யூனிட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்தால், நிலக்கரி கலந்த நம் கிரிட்டில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன், ஆக கிலோமீட்டருக்கு ஒரு கிலோ அளவு. மைலேஜ் 3 தரும் டீசல் வண்டி புகைபோக்கியில் 0.9 கிலோ, எண்ணெய் எடுத்துச் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். கிரிட் மின்சாரத்தில் லாபம் சொற்பம். கிடங்குக் கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் ஏற்றினால் கணக்கே வேறு. அதனால் இரவு முழுக்க ஓடும் நெடுந்தூர வண்டியை முதலில் மாற்றாமல், பகலில் டிப்போவில் நிற்கும் வண்டியை மாற்றுங்கள்.

திருப்பூர், ஏற்றுமதி பேக்கிங்

ஒன்று விட்டுப்போனது: ஏர், அதாவது விமானச் சரக்கு. சாயப்பட்டறையில் ஷேடு தவறி மறுபடி போட்டு, கப்பல் தேதி தப்பி, ஒரு டன் ஐரோப்பாவுக்கு விமானத்தில் போனால் நான்கு டன் கார்பன் அளவுக்கு ஆகிவிடும். ஒன்பது கன்டெய்னர் ட்ரிப்பில் எரிவது அது. முழு ஆர்டரையும் ஏற்றாமல், கடையில் முதல் வாரம் அடுக்கத் தேவையான சைஸ்களை மட்டும் ஏரில் அனுப்பி மீதியைக் கப்பலில் விடலாமா என்று பையரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பேக்கிங் லிஸ்ட்டைச் சைஸ் வாரியாக முன்பே பிரித்து வைத்திருந்தால்தான் அன்று இரவுக்குள் இது நடக்கும்.