விஜிஏ கேபிளை வீட்டிலேயே நீட்டலாமா?

செல்லூர்த் தறிக்காரன்:
தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியில் கம்ப்யூட்டரை வைக்க அப்பா விடமாட்டார். பெட்டி உள்ளறையில், பழைய சிஆர்டி (படக்குழாய்) மானிட்டர் மட்டும் கூடத்தில். நடுவே பத்து மீட்டர் இருக்கும்; மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் விஜிஏ கேபிள் எட்டாது. மிச்சமான கேட்-5 வயரை (நாலு ஜோடிக் கம்பியுள்ள நெட்வொர்க் வயர்) சால்டர் வைத்து நீட்டினால் படம் வருமா அண்ணே?

திருமங்கலத்தான்:
வரும் தம்பி. ஒரு முனையில் ஆண் விஜிஏ பிளக், மறுமுனையில் பெண்; நான் சொல்லும் எண்கள் அவற்றின் பின் எண்கள். வயருக்குள் முறுக்கியிருக்கும் ஜோடி பிரியக் கூடாது, அதுதான் முக்கியம். சிவப்புக்கு 1, 6. பச்சைக்கு 2, 7. நீலத்துக்கு 3, 8. நாலாவது ஜோடி 13, 14; படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் சிக்னல் அது. சிங்குக்கான கிரவுண்டு 10; இரு முனையிலும் அதை நிறங்களின் கிரவுண்டான 6, 7, 8 உடன் சேர்த்துவிடுங்கள்.

மேலூர் ரேடியோ:
விஜிஏவின் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின்தடை) 75 ஓம், அந்த வயருக்கு 100 ஓம்; இரண்டும் பொருந்தாது. அதனால் எழுத்தோரம் லேசாக நிழல் விழலாம். ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள்.

செல்லூர்த் தறிக்காரன்:
சரி அண்ணே. 12, 15 பின்கள் வேண்டாமா?

திருமங்கலத்தான்:
மானிட்டர் தன் விவரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கம்பிகள் அவை. இல்லாவிட்டால் ரெசல்யூஷனை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.